அறைக்குள் அமர்ந்து பார்க்கும் இலையுதிர்காலம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஆறு ஆண்டுகளாக டோக்கியோவில், நிஷி-கசாயில் இருக்கிறேன். கணினித் துறை வேலை. விடுமுறை நாளில் வீட்டைவிட்டு வெளியே போக எனக்குப் பிடிக்காது. புத்தகம், காபி, ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருந்தால் போதும். நவம்பர் வந்துவிட்டால் அலுவலகத்திலும் சரி, அடுக்ககத்துத் தமிழ் நண்பர்களும் சரி, ‘கோயோ’ (இலையுதிர்காலத்தில் நிறம் மாறும் இலைகள்) பார்க்கப் போகலாம் வா என்று விடமாட்டார்கள். மூன்று வருடம் முன்பு அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை காரில் நிக்கோ போனோம். இரோஹாசகா மலைப்பாதையில் வண்டி நகரவே இல்லை. மேலே போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அதன்பின் நான் எங்கும் போகவில்லை.

இந்த நவம்பர் நடுவில் கும்பகோணத்திலிருந்து அம்மா வருகிறார். வயது 68. முழங்கால் வலி, சுத்த சைவம். ஒரு மாதம் இருப்பார். மலை ஏறாமல், கூட்டத்தில் இடிபடாமல், ஓர் அறையில் உட்கார்ந்தபடி இந்த இலைகளைப் பார்க்க வழி இருக்கிறதா? அப்படிப் பார்ப்பது அரைகுறையாகப் பார்ப்பதுதானா? இன்னொன்று: வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று பால்கனியில் ஒரு மொமிஜி (ஜப்பானிய மேப்பிள்) தொட்டி வாங்கி வைத்தேன். சிவக்காமலே இலை சுருண்டு கொட்டிவிட்டது. ஏன்?

ஆர்., டோக்கியோ

அன்புள்ள ஆர்.,

நடுவில் இருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது அரைகுறைப் பார்வையே இல்லை. ஜப்பானியத் தோட்டங்களில் குளத்தைச் சுற்றி நடந்து பார்க்க அமைத்தவை ஒரு வகை. அறைக்குள் அமர்ந்து பார்ப்பதற்கென்றே அமைத்தவை இன்னொரு வகை, ‘ஸாகான்-ஷிகி’ என்பார்கள். கியோட்டோவின் சிறிய கோயில்களில் பல இந்த இரண்டாவது வகை. அங்கே தோட்டத்துக்குள் காலே வைக்க முடியாத இடங்கள் உண்டு. ததாமி என்ற பாய் விரித்த அறையில் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தை வைத்துத்தான் கல்லையும் மரத்தையும் நட்டிருக்கிறார்கள். நின்றுகொண்டு பார்த்தால் தூணுக்கு மேலே கூரையின் அடிப்பாகம் கண்ணில் பட்டு, காட்சி குலைந்துவிடும். உங்களைப் போன்றவருக்காகவே கட்டப்பட்ட இடங்கள் அவை. நண்பர்கள் உங்களை இத்தனை நாளும் வேறு வகைக்கே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அறையில் எங்கே உட்காருவது என்பதுதான் முக்கியம். எல்லாரும் வெளித்திண்ணை போன்ற ‘எங்காவா’வின் விளிம்புக்குப் போய்க் காலைத் தொங்கவிட்டு உட்காருவார்கள். அங்கிருந்து தெரிவது தோட்டம் மட்டும். அறைக்குள்ளேயே இரண்டு மூன்று மீட்டர் பின்னால் தள்ளி உட்காருங்கள். இரண்டு தூண்கள் இடமும் வலமும் நிற்க, மேலே உத்திரமும் கீழே பலகையும் கறுத்துத் தெரிய, நடுவில் வெளிச்சத்தில் மரம் நிற்கும். அறை இருட்டாக இருப்பதும் ஒரு வசதி. இலைக்குப் பின்னாலிருந்து வெயில் வரும்போது மொமிஜி இலை விளக்கேற்றியதுபோல் ஒளிரும். அந்த ஒளி முழுதாகத் தெரிய, பார்ப்பவர் நிழலில் இருக்க வேண்டும். போனில் படம் எடுப்பதானால் இலையைத் தொட்டு, வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுங்கள். இல்லாவிட்டால் கேமரா இருட்டறையைப் பார்த்துத் தானாக வெளிச்சத்தைக் கூட்டி, சிவப்பை வெளுக்கடித்துவிடும். மூன்றுகால் தாங்கியைப் பெரும்பாலான கோயில்கள் அனுமதிப்பதில்லை.

இனி நாள் குறிப்பது. நீங்கள் நிக்கோவில் மாட்டிக்கொண்டது தற்செயல் இல்லை. நிக்கோவின் சூசென்ஜி ஏரி 1,269 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குளிரும் என்பதால் மலை முதலில் சிவக்கும், அடிவாரம் பிறகு சிவக்கும். அந்த ஏரிக்கரையும் இரோஹாசகாவும் நன்றாக இருப்பது அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை. அந்த இரண்டு வாரத்தில் வரும் சனி, ஞாயிறுகளில் டோக்கியோவும் அதைச் சுற்றிய கான்டோ வட்டாரம் முழுவதும் ஒரே மலைப்பாதையில் ஏறுகிறது. ஏறும் பாதையில் 20 வளைவு, இறங்கும் பாதையில் 28 வளைவு, வழியில் விலகிப்போக இடமில்லை. அங்கே போவதானால் வார நாளில், பொழுது விடிந்ததும் மேலே இருக்க வேண்டும். அம்மா வரும்போது ஏரிக்கரையில் இலை கொட்டி முடிந்திருக்கும் என்பதால் இந்த ஆண்டு நிக்கோவை விட்டுவிடுங்கள்.

நாளின் குறைந்தபட்ச வெப்பநிலை 8 டிகிரியை ஒட்டி இறங்கத் தொடங்கினால் இலை நிறம் மாறத் தொடங்கும் என்பது இங்கே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 5, 6 டிகிரிக்குப் போனால் வேகம் பிடிக்கும். டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் அது நவம்பர் பின்பாதியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை. வெயில் நீடித்த ஆண்டுகளில் இன்னும் தள்ளிப்போகிறது. ஆகவே அச்சிட்ட வழிகாட்டியை நம்பாதீர்கள். டென்கி டாட் ஜேபி, வெதர்நியூஸ் போன்ற தளங்கள் ஒவ்வொரு இடத்துக்கும் நிலவரம் போடுகின்றன. அதில் நான்கு சொற்கள் தெரிந்தால் போதும். ‘இரோசுகி ஹஜிமே’ என்றால் இப்போதுதான் நிறம் பிடிக்கிறது, ஒரு வாரம் பொறுக்கலாம். ‘மிகோரோ’ என்றால் உடனே கிளம்புங்கள். ‘இரோஅசே ஹஜிமே’ என்றால் வெளிறத் தொடங்கிவிட்டது, ஆனால் பாசித்தரையில் விழுந்த இலையைப் பார்க்க அதுதான் சரியான நாள். ‘ராகுயோ’ என்றால் உதிர்ந்துவிட்டது. நவம்பர் 23 பொது விடுமுறை. அதை ஒட்டிவரும் சனி, ஞாயிறில் கியோட்டோவுக்குப் போகவே போகாதீர்கள். ஒரு செவ்வாயோ வியாழனோ விடுப்பு எடுங்கள். இந்த ஒன்றிலேயே பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

நிறத்தைப் பற்றி அம்மா கேட்பார், அவருக்குச் சொல்ல ஒரு விஷயம். குளிர் வந்ததும் இலையில் இருந்த பச்சையம் சிதைகிறது. அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, இச்சோ (ஜின்கோ) மரம் மஞ்சளாவது அப்படித்தான். மொமிஜியில் கூடுதலாக ஒன்று நடக்கிறது. காம்பு அடைபடத் தொடங்கியதும் இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து, வெயிலின் துணையோடு ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி புதிதாக உண்டாகிறது. ஆகவே ஒரே மரத்தில் வெயில் படும் உச்சி சிவந்திருக்க, நிழலான உட்கிளை மஞ்சளாகவே நிற்கும். பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் இருந்த ஆண்டில் சிவப்பு அழுத்தமாக வரும். கும்பகோணத்தில் மாமரம் துளிர்விடும்போது தளிர் செம்பழுப்பாக இருக்குமே, அதே நிறமிதான் அது. நம் ஊரில் பிறக்கும் இலையில் வருவது இங்கே உதிரப்போகும் இலையில் வருகிறது. மாந்தளிர் நிறம் தெரிந்த கண்ணுக்கு மொமிஜி அந்நியம் ஆகாது.

பொழுதையும் கணக்கில் வையுங்கள். வீட்டுப் பிரியர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மதியச் சாப்பாடு முடித்து, சற்றுப் படுத்து, இரண்டு மணிக்குக் கிளம்பினால் எல்லாம் போயிற்று. டிசம்பர் தொடக்கத்தில் டோக்கியோவில் மாலை 4.30-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கியோட்டோவில் கால்மணி நேரம் பிந்தும். ஆனால் மலையடிவாரக் கோயில்களில் அதற்கு ஒருமணி நேரம் முன்பே தோட்டத்தைவிட்டு வெயில் போய்விடும். காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் நில்லுங்கள். 11 மணிக்கு மேல் கூட்டம் ஏறும்போது நீங்கள் திரும்பிக்கொண்டிருக்கலாம்.

டோக்கியோவில் தொடங்குவதே நல்லது. உங்கள் நிஷி-கசாயிலிருந்து தோசாய் தடத்தில் வண்டி மாறாமல் சுமார் 20 நிமிடத்தில் ஈதாபாஷி. அங்கிருந்து பத்து நிமிடத்துக்குள் நடந்தால் கோயிஷிகாவா கோராகுவென். 1629-இல் மிதோ தொகுகவா குடும்பம் தொடங்கிய தோட்டம் இது. மொமிஜி நன்றாக இருக்கும், ஆனால் சுற்றி நடக்கும் வகை, உள்ளே கல்பாதையும் ஏற்ற இறக்கமும் உண்டு. ஈதாபாஷியிலேயே நம்போகு தடத்துக்கு மாறி கோமாகோமே போனால் ரிகுகியென், 1702-இல் முடிந்தது. இதுவும் நடக்கும் வகைதான். ஆனால் குளத்தோரம் ‘ஃபுகியாகே சாயா’ என்ற தேநீர்க் கடை இருக்கிறது. மாச்சா என்ற பச்சைத் தேநீரும் ஓர் இனிப்பும் வாங்கிக்கொண்டு நீர்ப்பக்கமாக உட்கார்ந்துவிடலாம். உங்கள் இயல்புக்கு அந்த இருக்கைதான் ரிகுகியென்.

இவற்றைவிட உங்கள் இருவருக்கும் பொருந்துவது மினாமி-அவோயாமாவில் இருக்கும் நெசு அருங்காட்சியகம். 2009-இல் திறந்த இப்போதைய கட்டடம் கெங்கோ குமா வடிவமைத்தது. தோட்டத்துக்குள் சரிவில் இருக்கும் அதன் காபிக்கடைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மரங்கள். மழை நாளில் போங்கள் என்றே சொல்வேன். நனைந்த மொமிஜியின் நிறம் அடர்த்தியாகத் தெரியும், அடிமரம் கறுத்துச் சிவப்பை இன்னும் எடுத்துக்காட்டும், கூட்டமும் குறையும். நுழைவுச்சீட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்பே வாங்க வேண்டும். திங்கட்கிழமையும், கண்காட்சி மாறும் நாட்களிலும் மூடியிருக்கும். கண்காட்சி மாறும் இடைவெளி பலருக்குத் தெரியாமல் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இச்சோவைப் பார்க்க மெய்ஜி ஜிங்கு கையென் சாலைக்கு எல்லாரும் அனுப்புவார்கள். 300 மீட்டர், 146 மரம். அழகுதான், ஆனால் நெரிசல். அம்மா கீழே விழுந்த மஞ்சள் பழத்தை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்றம் செருப்பில் ஒட்டிக்கொண்டு ரயில் வரை வரும், அதன் சதை தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் வரும். ஈரமான இச்சோ இலை நன்றாக வழுக்கும். முழங்கால் வலிக்காரருக்கு அதுதான் பெரிய ஆபத்து.

கியோட்டோவுக்கு வருகிறேன். அங்கே நவம்பரில் நகரப் பேருந்தை நம்பினால் நிக்கோ கதைதான் திரும்பும். தண்டவாளத்திலேயே போங்கள். கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா தடத்தில் ஒரே ஒரு நிறுத்தம், தோஃபுகுஜி. அங்கே கெய்ஹான் ரயிலுக்கு மாறி தெமாச்சியானாகி. அங்கிருந்து எய்ஸான் என்ற சின்ன மின்ரயில். இச்சிஜோஜியில் இறங்கிக் கால்மணி நேரம் மேல்நோக்கி நடந்தால் ஷிசென்தோ. 1641-இல் இஷிகாவா ஜோஸான் என்ற கவிஞர் ஓய்வுக்காகக் கட்டிய வீடு. ததாமி அறையில் உட்கார்ந்தால் முன்னால் வெண்மணல், அதன்பின் வட்டமாகக் கத்தரித்த புதர்கள், அவற்றுக்கு மேல் மொமிஜி. கண்ணில் படாத இடத்திலிருந்து ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும். நடுவில் அச்சில் நிற்கும் ஒரு மூங்கில் குழாயில் மெல்லிய நீர் விழுகிறது. நிறைந்ததும் பாரம் தாங்காமல் வாய் கவிழ்ந்து நீரைக் கொட்டுகிறது. காலியான குழாய் சட்டென்று பின்வாங்கும்போது அதன் அடி கல்லில் மோதி ‘டொக்’ என்கிறது. காட்டுப்பன்றியையும் மானையும் விரட்ட வயலில் வைத்த கருவி அது. அடுத்த அடி எப்போது விழும் என்று காது காத்திருக்கும் அந்த இடைவெளிக்காகவே ஒருவர் அரைமணி நேரம் அங்கே உட்காரலாம். ஆனால் அந்த வீட்டுக்கு நீங்கள் தனியாகப் போங்கள். ஏற்றமும் கற்படிகளும் அம்மாவுக்கு ஆகாது.

அதே எய்ஸான் தடத்தில் யாசே-ஹியேசான்குச்சி வரை, தெமாச்சியானாகியிலிருந்து 14 நிமிடம். அங்கே இருக்கிறது ருரிகோயின் கோயில். மாடியறையில் மெருகேற்றிய கறுப்பு மேசை ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். கண்ணை மேசைப் பலகையின் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால் வெளியே இருக்கும் மரம் முழுவதும் தலைகீழாக அதில் கிடக்கும். படங்களில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, குனிய வேண்டும், வரிசையில் நின்று முறை வரும்வரை பொறுக்கவும் வேண்டும். கட்டணம் 2,000 யென், ஆண்டு முழுவதும் திறந்திருக்காது, உச்ச நாட்களில் முன்பதிவு கேட்பார்கள், மாடிப்படியும் உண்டு. காலை முதல் பிரிவில் இடம் கிடைத்தால் மட்டும் போங்கள், இல்லையென்றால் வருத்தப்படாமல் விட்டுவிடுங்கள்.

அம்மாவை அழைத்துப்போக கென்கோ-ஆன் சரியான இடம். சுரங்க ரயிலில் கிதாஓஜி, அங்கிருந்து ‘கிதா 1’ பேருந்து, இறங்கினால் கோயில் பக்கத்திலேயே. ஓர் அறை, அதில் இரண்டு ஜன்னல், ஒன்று வட்டம், ஒன்று சதுரம். வட்டம் ஞானத்தின் ஜன்னல், சதுரம் மயக்கத்தின் ஜன்னல். சதுரத்தின் நான்கு மூலைக்கும் பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்று பொருள் சொல்கிறார்கள். ஒரே தோட்டம்தான் இரண்டிலும் தெரிகிறது. இரண்டுக்கும் சமதூரத்தில் உட்கார்ந்து, ஒன்றிலிருந்து மற்றதற்குக் கண்ணை மாற்றி மாற்றிப் பாருங்கள். வட்டத்துக்குள் இலைக்கூட்டம் மட்டும் நிறைந்து நிற்கும், சதுரத்துக்குள் அதுவே தரையும் கிளையுமாக அடுக்குப் பிரிந்து தெரியும். கூரைப் பலகைகளில் இருக்கும் கறைகளையும் காட்டுவார்கள். 1600-இல் ஃபுஷிமி கோட்டை விழுந்தபோது ரத்தம் படிந்த தரைப்பலகைகளை எடுத்து வந்து, மாண்டவர்களுக்கான மரியாதையாக மேலே பதித்தவை. அம்மாவுக்குச் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

கியோட்டோவின் வடக்கே ஓஹாராவில் ஹோசென்-இன் என்று ஒரு கோயில் உண்டு. 700 வயது சொல்லப்படும் ஐயிலைப் பைன் ஒன்றின் அடிமரங்கள் அறையின் திறப்பை நிறைத்து நிற்கும், நுழைவுக் கட்டணத்திலேயே மாச்சாவும் இனிப்பும் சேர்த்தி. இரண்டு மூங்கில் குழாய்கள் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். காதை வைத்தால் மண்ணுக்கடியில் புதைத்த ஜாடியில் நீர்த்துளி விழும் ஓசை கேட்கும். நான் சொன்னவற்றில் மிக அமைதியான அறை இதுதான். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஏறி நடக்க வேண்டியிருப்பதுதான் குறை.

நடக்கவே வேண்டாம் என்றால் ரயில்தான் அறை. எய்ஸானில் குராமா செல்லும் தடத்தில் இச்சிஹாரா, நினோசே நிலையங்களுக்கு நடுவே 250 மீட்டருக்கு இருபுறமும் மொமிஜிகள் வளைந்து மூடிய குகைபோல் இருக்கும். ‘கிராரா’ என்று பெயரிட்ட வண்டியில் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிய இருக்கைகள் உண்டு, அந்த வண்டிக்குக் காத்திருந்து ஏறுங்கள். நவம்பரில் மாலை விளக்குப் போடும் நாட்களில் அந்த இடத்தில் வண்டி மெதுவாகப் போகும், உள்விளக்கை அணைப்பார்கள். அராஷியாமாவில் சாகானோ தொரோக்கோ ரயில், 7.3 கிலோமீட்டர், சுமார் 25 நிமிடம், ஆற்றோரமாகவே போகும். அதன் ஐந்தாவது பெட்டிக்குக் கண்ணாடி கிடையாது. படத்தில் கவர்ச்சியாக இருக்கும், நவம்பர் காற்றில் அம்மாவின் காதும் மூக்கும் உறைந்துவிடும். மூடிய பெட்டியில் வாங்குங்கள்.

டோக்கியோவிலிருந்து ஒரு நாளில் போய் வர ஹாகொனே. ஷின்ஜுகுவிலிருந்து ரொமான்ஸ்கார் வண்டியில் சுமார் 85 நிமிடம், பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கும். ஹாகொனே-யுமோதோவிலிருந்து மலைரயில் திசை மாறி மாறி ஏறி கோராவுக்குப் போகும். அங்கே ஹாகொனே கலை அருங்காட்சியகத்தின் பாசித் தோட்டத்தில் சுமார் 200 மொமிஜிகள், பச்சைப் பாசிமேல் சிவப்பு விழுந்து கிடக்கும். உள்ளேயே தேநீர் அறையும் உண்டு. நவம்பர் நடுவில், அம்மா வந்த கையோடு போய்விடுங்கள், கியோட்டோவுக்கு முன்னால் அதுதான் முடியும். இரவு தங்குவதானால் ரியோகான் என்ற ஜப்பானிய விடுதியில் ஜன்னலோரம் இரண்டு நாற்காலியும் ஒரு குட்டி மேசையும் போட்ட பகுதி இருக்கும். முன்பதிவின்போதே தோட்டப் பக்கமா, ஓடைப் பக்கமா, வண்டி நிறுத்தும் பக்கமா என்று கேட்டு வாங்குங்கள். 3 மணிக்கு அறை கிடைத்து 4.30-க்கு இருட்டிவிடும் என்பதால், நீங்கள் உண்மையில் பார்க்கப்போவது மறுநாள் காலைதான். அந்தக் காலைக்காகவே பணம் கட்டுகிறீர்கள், ஏழு மணிக்கு நாற்காலியில் இருங்கள்.

எல்லாவற்றையும்விட உங்களுக்காக நான் தேர்ந்தெடுப்பது ஷிமானே மாநிலத்தில் யாசுகியில் இருக்கும் அதாச்சி கலை அருங்காட்சியகம். 1970-இல் அதாச்சி சென்கோ தொடங்கியது. தோட்டமும் ஒரு ஓவியம்தான் என்பது அவர் கொள்கை. சுமார் 1,65,000 சதுர மீட்டர் தோட்டத்துக்குள் பார்வையாளர் யாரும் இறங்கக் கூடாது. கட்டடத்துக்குள் நடந்தபடி, உட்கார்ந்தபடி, கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு சுவரில் ஜன்னலையே படச்சட்டமாக வெட்டியிருக்கிறார்கள். இன்னோர் அறையில் சுருள்படம் மாட்டும் மாடத்தில் படத்துக்குப் பதில் சுவரைச் செங்குத்தாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள், பின்னால் இருக்கும் தோட்டம் சுருள்படமாக நிற்கிறது. தொலைவில் தெரியும் 15 மீட்டர் அருவி 1978-இல் செயற்கையாக அமைத்தது. நடுவில் ஒரு சாலை போவது கண்ணுக்குத் தெரியாதபடி மரங்களை நட்டு, வெளியே இருக்கும் மலையையும் தோட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். திறப்பதற்கு முன் தினமும் ஊழியர்கள் தோட்டத்தைக் கூட்டிச் சுத்தம் செய்கிறார்கள். ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். முதன்மைத் தோட்டத்தில் பைனும் உருண்டைப் புதர்களும்தான் அதிகம், சிவப்பு வெள்ளமாகப் பாயாது, பச்சைக்கும் வெண்மணலுக்கும் நடுவே ஆங்காங்கே எரியும். எனக்கு அதுதான் மேல் என்று தோன்றுகிறது. யோகோயாமா தாய்கான் 1931-இல் வரைந்த மொமிஜி மடிப்புத்திரை இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது, இலையுதிர் காலத்தில் அதை வெளியே வைப்பது வழக்கம். காட்சிப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள். சக்கர நாற்காலி தருவார்கள், யாசுகி நிலையத்திலிருந்து 20 நிமிடத்தில் இலவசப் பேருந்து.

போகும் வழியும் உங்களுக்கு ஏற்றது. டோக்கியோவிலிருந்து இரவு 9.50-க்குப் புறப்படும் ‘சன்ரைஸ் இஸுமோ’ படுக்கை வண்டி மறுநாள் காலை 9 மணிக்கு மேல் யாசுகியில் நிற்கும். கதவைப் பூட்டிக்கொள்ளும் தனி அறைகள். அம்மாவோடு போவதால் இரண்டு கட்டில் பக்கம்பக்கமாகப் போட்ட ‘சன்ரைஸ் ட்வின்’ கேளுங்கள். மேலும் கீழுமாகக் கட்டில் இருக்கும் அறையில் ஏணி ஏற வேண்டும், அது வேண்டாம். வண்டியில் உணவு விற்பதில்லை, தண்ணீர், பானம் தரும் இயந்திரம் மட்டும் உண்டு. இடம் கிடைக்கவில்லை என்றால் நொசோமி ஷின்கான்சென்னில் ஒகாயாமா, அங்கிருந்து ‘யாகுமோ’ விரைவு வண்டியில் சுமார் இரண்டரை மணி நேரம்.

சாப்பாட்டைப் பற்றி நேராகச் சொல்கிறேன். ஊறுகாய் வைத்த சோற்றுருண்டை, காய்கறி சூப், டோஃபு என்று வெளியில் சைவமாகத் தெரிவதிலும் சுவைக்கு மீன்சாறு இருக்கக்கூடும். கியோட்டோவின் யுதோஃபு (சுடச்சுட வேகவைத்த டோஃபு) கடற்பாசி நீரில் வெந்தாலும், தொட்டுக்கொள்ளும் சாற்றில் கட்சுவோ மீன் சேர்ப்பது உண்டு. நம்பிச் சாப்பிட ஸென் கோயில்களின் ‘ஷோஜின்’ உணவு. இறைச்சி, மீன் கிடையாது, வெங்காயம், பூண்டும் கிடையாது, சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுப்பது. அராஷியாமாவில் தென்ரியூஜி கோயிலுக்குள்ளேயே ‘ஷிகெட்சு’ என்ற உணவகம் இருக்கிறது, முன்பதிவு செய்யுங்கள், தரையில் உட்காரும் இடம் என்பதால் நாற்காலி உண்டா என்று கேட்டுவிடுங்கள். மற்ற நாட்களுக்கு அம்மா கையால் புளியோதரை. குளிர் நாளில் மறுநாள் வரை தாங்கும். ரொமான்ஸ்கார், ஷின்கான்சென், சன்ரைஸ் எல்லாவற்றிலும் தாராளமாகச் சாப்பிடலாம். தோசாய் தடம் போன்ற நகர ரயில்களில் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கோயில் அறைகளில் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள், வெளியே 8 டிகிரி என்றால் உள்ளேயும் 8 டிகிரிதான். காலணியைக் கழற்றிய பிறகு மரப்பலகையின் குளிர் உள்ளங்காலில் ஏறும். தடித்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும், கயிறு கட்டாத காலணி போட்டுக்கொள்ளட்டும். ‘கைரோ’ என்ற சூட்டுப் பொட்டலத்தை உள்ளாடைக்கு மேல், இடுப்புக்குப் பின்புறம் ஒட்டுங்கள். தோலில் நேராக ஒட்டினால் சூடு தெரியாமலே கொப்புளம் வரும், வயதானவர்களுக்கு அது தாமதமாகத்தான் உறைக்கும். ததாமியில் அம்மாவால் உட்கார முடியாது. தாழ்ந்த முக்காலி வைத்திருக்கும் கோயில்கள் பல, ‘இசு’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

கடைசியாக உங்கள் தொட்டி. நிறம் மாறாமல் இலை சுருள்வது பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் நடந்த தவறு அன்று, ஜூலை, ஆகஸ்டில் நடந்தது. மேற்கு வெயில், கான்கிரீட்டின் வெக்கை, ஏசியின் வெளிப்பெட்டி ஊதும் அனல், இவற்றில் ஏதாவது ஒன்று போதும் இலை நுனி கருக. கருகிய இலைக்குச் சிவக்கச் சத்து இருக்காது. கோடையில் காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றி, மதியத்துக்கு மேல் நிழல்வலை கட்டுங்கள். காலையும் மாலையும் தண்ணீர். செப்டம்பருக்குப் பிறகு தழைச்சத்து உரம் போட்டால் பச்சை போகாமல் அப்படியே வாடும், நிறுத்திவிடுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து நிழல்வலையை எடுத்து முழு வெயிலில் விடுங்கள், ஆனால் வேர் காயக் கூடாது.

இன்னொரு தவறு பலர் செய்வது: பார்க்க ஆசைப்பட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து ஹீட்டர் அறையில் வைப்பது. இரவுக் குளிர் படாமல் அது சிவக்காது. வெளியிலேயே இருக்கட்டும், சிவந்த பிறகு ஒரு மாலை நேரம் உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, இரவே திரும்ப வெளியே வையுங்கள். பிப்ரவரி கடைசியில் மொட்டு அவிழும் முன் தொட்டி மாற்றலாம், அகதமா என்ற செம்மண் குருணை ஏழு பங்கு, இலைமக்கு மூன்று பங்கு. மரம் நல்ல வலுவாக இருந்தால் ஜூன் தொடக்கத்தில் காம்பை விட்டு இலைகளை மட்டும் வெட்டிவிடுவதும் ஒரு வழி. புது இலை வந்து, கோடையில் அதிகம் அடிபடாமல் நவம்பரைச் சேரும். தொட்டி மாற்றிய ஆண்டில் அதைச் செய்யாதீர்கள், இரண்டு அடியை மரம் தாங்காது. தொட்டியைப் பக்கத்து வீட்டுத் தடுப்புப் பலகைக்கும், தரையில் இருக்கும் தப்பிக்கும் மூடிக்கும் குறுக்கே வைக்க வேண்டாம், தீ விபத்தில் அதுதான் வழி.

அம்மா வந்து இறங்கியதும் இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, முதலில் ஹாகொனே, பிறகு ஒரு மழை நாளில் நெசு, நவம்பர் 23-இன் கூட்டம் வடிந்ததும் அதாச்சி, வெப்பநிலையைப் பார்த்து கியோட்டோ. சன்ரைஸ் வண்டிக்கும் ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்குத்தான் சீட்டு திறக்கும், அறைகள் சீக்கிரம் போய்விடும். நவம்பர் 26 இரவு புறப்படுவதானால் அக்டோபர் 26 காலை 10 மணிக்கு நிலையக் கவுன்ட்டரிலோ இணையத்திலோ இருங்கள்.

அன்புடன்.